லினக்ஸ் போடப் போய் விண்டோஸ் பூட்டிக்கொண்ட கதை

விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே லினக்ஸையும் (விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குகிற இலவச மென்பொருள்) போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து என்னைச் சுற்றி நிறையப் பேர் இந்தப் பேச்சை எடுக்கிறார்கள். யூடியூபில் பார்த்தால் பத்து நிமிட வேலை மாதிரித் தெரியும். லினக்ஸ் போடுவது உண்மையிலேயே பெரிய சிரமமில்லை. எனக்குப் பணமும் தூக்கமும் போனது அதற்கு முந்தின கட்டத்தில். தினமும் திறந்து வேலை பார்க்கிற விண்டோஸ் யார் பெயரில் இருக்கிறது, அதற்குள் என்னென்ன ஆன் ஆகியிருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை; வீடியோ போடுகிறவர்களும் அதைச் சொல்வதில்லை.

நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ஒரு மஞ்சள் மண்டி, ஹார்டுவேர் கடை, சில விசைத்தறிக்காரர்கள் என்று சின்னச் சின்னப் பார்ட்டிகள். லேப்டாப் விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளும் எக்செல்லும் ஜிஎஸ்டி போர்ட்டலும் வாட்ஸப்பும் ஒன்றாகத் திறந்தால் ஃபேன் அலற ஆரம்பித்துவிடும். கோவையில் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி மகன் லீவுக்கு வந்தபோது அவனுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) ஓடியதைப் பார்த்தேன். என்னுடையதைவிடக் குறைந்த மெஷின், ஆனால் பட்டென்று திறந்தது. ஆசை வந்துவிட்டது. டேலிக்கு விண்டோஸ் வேண்டும், கம்பெனி ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற டோக்கனுக்கும் விண்டோஸ்தான் வசதி. அதனால் இரண்டும் இருக்கட்டும், ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இதொன்றும் நம் ஊருக்குப் புதிதில்லை. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தது. எத்தனை பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

தம்பி மகன் காலேஜுக்குத் திரும்பிய பிறகு நானாகவே தொடங்கினேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைல் (இன்ஸ்டால் செய்வதற்கான முழுத் தொகுப்பு) 3 ஜிபி அளவுக்கு வரும். அதன் தளத்திலிருந்தே இறக்கி, விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன இலவச மென்பொருளால் பென்டிரைவில் ஏற்றினேன். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், கல்யாண ஃபோட்டோ இருக்கிற பென்டிரைவை எடுத்துவிடாதீர்கள். இந்தப் பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை பூட் செய்தால், அதாவது தொடங்கினால், லினக்ஸ் அதிலிருந்தே முழுசாக ஓடும். லைவ் என்பார்கள். நீங்களாக இன்ஸ்டால் ஐகானை அழுத்தாதவரை உள்ளே இருக்கிற எஸ்எஸ்டியில் அது எதையும் எழுதாது. அதனால் முதல் வேலையாக லைவிலேயே வைஃபை வருகிறதா, சவுண்டு கேட்கிறதா, டச்பேட் நகர்கிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வெறும் ஆர்வத்துக்குத்தான் என்றால் பலருக்கு இதுவே போதும், இன்ஸ்டால் வரைக்கும் போகவே வேண்டாம்.

நான் பார்த்த வீடியோவில், பென்டிரைவிலிருந்து பூட் செய்வதற்கு முன் பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கிற, லேப்டாப்பின் அடிப்படை அமைப்பு) போய் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடுகிற பாதுகாப்பு) என்பதை ஆஃப் செய்யச் சொன்னார்கள். செய்தேன். லினக்ஸ் அழகாக வந்தது, எல்லாம் வேலை செய்தது, யூடியூபில் ஒரு பாட்டுகூடக் கேட்டேன். இன்ஸ்டால் செய்யவில்லை. அன்றைக்குத் தேதி பதினேழு, இருபதாம் தேதிக்குள் பார்ட்டிகளுக்கெல்லாம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ரிட்டர்ன் போட வேண்டும், அது முடியட்டும் என்று பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில் பிட்லாக்கர் ரெகவரி என்று தலைப்பு, கீழே 48 இலக்க ரெகவரி கீயைப் போடச் சொல்லி ஒரு கட்டம், அதற்கும் கீழே கீ ஐடி என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை. பிட்லாக்கர் என்ற பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். வைரஸ் ஏதோ பணம் கேட்கப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கை நடுங்கியது என்று சொல்ல வெட்கமில்லை. பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் வியாபாரக் கணக்கு அதற்குள் இருக்கிறது.

விஷயம் இதுதான். இப்போது வருகிற லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு முதல்முறை விண்டோஸ் 11-ஐத் தொடங்கும்போதே டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடும்; அதற்குப் பின்னால் இருப்பது பிட்லாக்கர்தான். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் பூட்டப்பட்டு, சாவி மதர்போர்டில் இருக்கிற டிபிஎம் சிப்பிடம் இருக்கும். கம்ப்யூட்டர் வழக்கம்போலத் தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சிப் சாவியைக் கொடுக்கும். செக்யூர் பூட்டை ஆஃப் செய்தால் தொடக்கம் மாறிவிடுகிறது. யாரோ நோண்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சாவியைத் தர மறுக்கிறது. திருடன் கையில் லேப்டாப் போயிருந்தால் இதைப் பார்த்து நானே சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த 48 இலக்க எண்ணின் நகல் ஒன்று, முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லேப்டாப்பைத் தொடங்கினோமோ அதில் தானாகப் போய் உட்கார்ந்திருக்கும். ஃபோனிலிருந்து லாகின் செய்து எடுத்துக்கொள்ளலாம்.

என் அக்கவுன்டுக்குள் போனேன். ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: லேப்டாப்பை வாங்கியபோது எல்லாவற்றையும் கடையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். "பின் நம்பர் 1234-ங்க, அப்புறம் மாத்திக்கங்க" என்று கையில் கொடுத்தான் அங்கிருந்த பையன். எந்த ஈமெயிலைப் போட்டான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். "அந்தப் பையன் நின்னுட்டானுங்க அக்கா, திருப்பூர் பக்கம் போயிட்டான்" என்றார் முதலாளி. நம்பர் வாங்கி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். கடைகளில் இது சர்வசாதாரணம். அவர்களுடைய ஈமெயில் ஒன்றையே வைத்துப் பல லேப்டாப்களைத் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் டிஸ்க்கின் சாவி அவர்கள் கணக்கில் கிடக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியாது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் போடுகிற எண்ணமே இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போனால் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கும். ஆன் என்று காட்டினால் உங்கள் டிஸ்க்கும் பூட்டியிருக்கிறது. அடுத்து, அக்கவுன்ட்ஸ் பகுதியில் எந்த ஈமெயில் தெரிகிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் உடனே மாற்ற வேண்டும். எப்படியிருந்தாலும் அந்த 48 இலக்கத்தை இப்போதே எடுத்துக் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து மேனேஜ்-பிடிஇ (manage-bde -protectors -get C:) கட்டளையில் கேட்டால் திரையிலேயே காட்டும். அந்த எண்ணை அதே லேப்டாப்பில் சேவ் செய்து வைப்பதில் பிரயோஜனமில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாட்களில் நான் பார்த்த ரிப்பேர்க்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு லேப்டாப்பை ஒரு ராத்திரி வைத்திருந்தார். மறுநாள் "ஃபார்மட் பண்ணிரலாமுங்க மேடம், புதுசாட்டம் ஆயிரும்" என்றார். டேட்டா? "அது போயிருமுங்க." ஆயிரம் திரும்பி வரவில்லை. இன்னொருவர் டேட்டா ரெகவரி செய்கிறவர், பன்னிரண்டாயிரம் கேட்டார், முயற்சி செய்து பார்க்கிறேன் என்றார். எனக்கு அப்போது தெரியாது, இப்போது தெரியும்: சாவி இல்லாமல் இந்தப் பூட்டை உடைக்கிற வழி அவரிடம் கிடையாது, அவரிடம் இருக்கிற எந்த மென்பொருளிடமும் கிடையாது. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே 48 இலக்கத்தைத்தான் கேட்கும். முயற்சிக்கே காசு கேட்கிறவர்களிடம் லேப்டாப்பை நீட்டாதீர்கள். ஃபார்மட் என்ற வார்த்தைக்கு யார் வற்புறுத்தினாலும் தலையாட்டிவிடாதீர்கள். நான் ஒரு தடவை சரி என்று சொல்கிற இடத்துக்கே வந்துவிட்டேன்.

ரிட்டர்ன் வேலையை முடிந்தவரை பக்கத்துத் தெருவில் இருக்கிற தோழியின் கம்ப்யூட்டரில் செய்தேன். பதினொன்றாம் தேதியே ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) போட்டுவிட்டதால் விற்பனை வரி 3பி-யில் தானாக வந்து நின்றது, கொள்முதல் வரிக்கு 2பி என்ற பட்டியல் போர்ட்டலிலேயே இருந்தது. பாதிப் பேருக்கு அதை வைத்து ஓட்டிவிட்டேன். மண்டிக்கு மட்டும் முடியவில்லை. லாரி வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜில் (சேவை பெறுகிறவரே வரி கட்டுவது) கட்ட வேண்டிய கணக்கெல்லாம் டேலியில் மட்டும்தான் இருந்தது, டேலி டேட்டா சி டிரைவில் இருந்தது, பென்டிரைவில் இருந்த பேக்கப் எப்போதோ எடுத்தது. இருபதாம் தேதி தாண்டியது. நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, வரிக்கு 18 சதவீத வட்டி. தொகை பெரிதில்லை. மண்டிக்காரரிடம் போய்ச் சொன்னதுதான் பெரிது. "பரவால்லீங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் அவர், அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாத ரிட்டர்னில் ஏறி வந்த லேட் ஃபீயை என் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வீட்டில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "இருந்ததை வெச்சு ஓட்டியிருக்கக் கூடாதா?" பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தம்பி மகனுக்குப் பரீட்சை நேரம், அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அதுவரை கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு ராத்திரி கூப்பிட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அத்தை, பயாஸ்ல நீங்க என்ன மாத்துனீங்களோ அதைத் திரும்பப் பழையபடியே வெச்சுப் பாருங்க" என்றான். செக்யூர் பூட்டை ஆன் செய்து, எஃப்10 அழுத்தி சேவ் செய்தேன். லோகோ வந்தது, புள்ளிகள் சுற்றின, பின் நம்பர் கேட்டது. அவ்வளவுதான். தொடக்கம் பழையபடி ஆனதும் சிப் சாவியைக் கொடுத்துவிட்டது. இத்தனை நாள் நான் அலைந்ததற்கு மருந்து அந்த ஒரே ஸ்விட்ச். ஆயிரம் ரூபாய் வாங்கியவருக்குக்கூட அது தோன்றவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, ஃபோனில் அவன் "என்னாச்சுங்கத்தை, என்னாச்சுங்கத்தை" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அவன் அப்புறம் சொன்னதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மின்ட், உபுண்டு, ஃபெடோரா போன்றவையெல்லாம் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே பூட் ஆகும். ஆஃப் செய்யத் தேவையே இருந்திருக்கவில்லை. பழைய காலத்து அறிவுரையை வீடியோவுக்கு வீடியோ அப்படியே சொல்லிக்கொண்டு போகிறார்கள். பயாஸில் எதைத் தொடுவதாக இருந்தாலும், தொடுவதற்கு முன் அந்தத் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் என் கதை உங்களுக்கு நடக்காது. பயாஸ் அப்டேட் செய்யும்போதும் இதே நீலத் திரை வரலாம், அதனால் கீ கையில் இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இவ்வளவு பட்ட பிறகும் விட்டேனா என்றால், இல்லை. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி (நாலாயிரத்துச் சொச்சம் ஆனது, இது எப்படியும் தேவைப்பட்ட செலவு) டேலி டேட்டா முழுவதையும் அதில் எடுத்தேன். அக்கவுன்டை என் ஈமெயிலுக்கு மாற்றினேன். பிறகு செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்தேன். ஆஃப் என்று அழுத்திய உடனே முடிந்துவிடாது, பூட்டியதையெல்லாம் திறக்க நேரம் எடுக்கும், சார்ஜரில் போட்டுவிட்டுச் சமையலைப் பாருங்கள். அடுத்து லினக்ஸுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இதை லினக்ஸிலிருந்து செய்யாமல் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஷ்ரிங்க் வால்யூம் என்பதில் செய்வதுதான் பத்திரம். எனக்கு இருநூறு ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் அது சொற்ப இடம்தான் தர முடியும் என்றது. காரணம், ஹைபர்னேஷன் ஃபைல் (திறந்திருப்பதை அப்படியே சேமித்துக் கம்ப்யூட்டரை அணைப்பதற்கானது), பேஜ் ஃபைல் (ராம் போதாதபோது உதவுவது), ரெஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்புவதற்கானது) போன்ற நகர்த்த முடியாத ஃபைல்கள் டிஸ்க்கின் நடுவே உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தாண்டிச் சுருக்க முடியாது. ஹைபர்னேஷனை நிறுத்திவிட்டு, பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்த பிறகு 80 ஜிபி கிடைத்தது. ஹைபர்னேஷனை நிறுத்தினால் சீக்கிரம் தொடங்க வைக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து நின்றுவிடும். அது நின்றே ஆக வேண்டும். ஆனில் இருந்தால் விண்டோஸ் ஷட்டவுன் ஆன மாதிரி நடிக்குமே தவிர முழுசாக மூடாது; அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாது, வலுக்கட்டாயமாக எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போகும்.

இன்ஸ்டாலில் பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. எப்படிப் போட வேண்டும் என்று கேட்கிற திரையில் விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு என்று ஒரு வரி, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு என்று இன்னொரு வரி, அருகருகே இருக்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் டேலியும் போய்விடும், ரெகவரி கீயும் உதவாது. முதல் வரி வரவேயில்லை, இரண்டாவது மட்டும்தான் வருகிறது என்றால் இன்ஸ்டாலருக்கு உங்கள் விண்டோஸ் கண்ணில் படவில்லை என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிஸ்க்கே தெரியாமல் போவதும் உண்டு. இன்டெல் ஆர்எஸ்டி என்ற பயாஸ் அமைப்பு ஆனில் இருந்தால் அப்படி ஆகும், அதை மாற்றினால் விண்டோஸும் தடுமாறும் என்பதால் தெரிந்தவர் துணையில்லாமல் கை வைக்காதீர்கள். இன்னொன்று, லினக்ஸில் சி டிரைவ், டி டிரைவ் என்ற பெயர்கள் இருக்காது. என்விஎம்இ என்று தொடங்கி பி1, பி2, பி3 என்று போகும். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை முன்பே ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன். 100 எம்பி இருப்பது பூட்டுக்கான இஎஃப்ஐ, பெரியது சி டிரைவ், கடைசியில் சின்னதாக ரெகவரி என்று அளவை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த 80 ஜிபியில்தான் எழுதப்போகிறது என்று உறுதியான பிறகே கன்டினியூவை அழுத்தினேன். அப்புறம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

போட்ட பிறகு வந்தவை சில்லறைத் தொல்லைகள்தான், ஆனால் ஒன்று ஆளைக் குழப்பியது. ஒருநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து விண்டோஸைத் திறந்தால் முந்தின நாள் இரவு பதினொன்றரை என்கிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே நம் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது விளையாட்டில்லை, வவுச்சர் தேதி தவறிப் போகும். லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl set-local-rtc 1) என்ற கட்டளையால் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொன்னால் தீர்ந்தது. தமிழ் தட்டச்சுக்கு இன்புட் மெத்தடில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடுகிறது. என்னுடைய பழைய லேசர் பிரிண்டர் மட்டும் லினக்ஸில் இன்னும் மசியவில்லை. பிடிஎஃப் ஆக்கி விண்டோஸ் பக்கம் போய் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பிரிண்டரை லைவிலேயே சோதித்துவிடுங்கள்.

பார்ட்டிகளின் கணக்கு இருப்பதால் டிவைஸ் என்கிரிப்ஷனைத் திரும்ப ஆன் செய்துவிட்டேன், இந்த முறை கீயை அச்சடித்துப் பீரோவில் வைத்த பிறகு. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. லினக்ஸ் போட்டதும் க்ரப் என்ற மெனு முதலில் வரும், அதற்குள்ளேயே விண்டோஸும் இருக்கும். என்கிரிப்ஷன் ஆனில் இருக்கும்போது அந்த வழியாக விண்டோஸுக்குப் போனால் தொடக்கம் மாறியதாகக் கணக்காகி மறுபடி 48 இலக்கம் கேட்கலாம். அதனால் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்துவிட்டேன். லினக்ஸ் வேண்டும்போது ஆன் செய்ததும் எஃப்12 தட்டித் தேர்ந்தெடுக்கிறேன். எஃப்12 என்ற இந்தப் பட்டன் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும்.

பிடிக்கவில்லை, எடுத்துவிடலாம் என்று தோன்றினால் அதற்கும் வரிசை உண்டு. லினக்ஸ் இருக்கிற பகுதியை முதலில் அழித்துவிட்டால் அடுத்த முறை க்ரப் ரெஸ்க்யூ என்று கறுப்புத் திரையில் போய் நின்றுவிடும், விண்டோஸ் உள்ளே நன்றாக இருந்தாலும் பதறிப்போவீர்கள். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, ஒருமுறை அது நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பகுதியை டெலீட் செய்து, காலியான இடத்தை சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம். 100 எம்பி இஎஃப்ஐ பகுதியை மட்டும் தொட வேண்டாம், விண்டோஸ் தொடங்குவதும் அதிலிருந்துதான்.